கம்பைலர் விழுந்தால் உடனே ஃபார்மட் அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு எல்லை ஊர்களில் லினக்ஸ் கணினி புதிதல்ல. கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் கணினி பழகுவதே லினக்ஸில்தான். தமிழ் வழி வகுப்புகளிலும் அதுவே. அதனால் வீட்டுக் கணினிக்கும் அதையே போட்டுக் கேட்கிறார்கள். வாங்குவது பெரும்பாலும் கோவையிலிருந்து வரும் பழைய ஆபீஸ் கணினி. அதில் வைஃபை இருக்காது. யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றை வாங்கிச் செருகினால் விளக்கு எரியும், நெட் வராது. யாரோ சொன்னார்கள் என்று டிரைவரின் (சாதனத்தை இயக்கும் நிரல்) மூல நிரலை இறக்கி, அதைக் கட்டித் தரும் ‘மேக்’ என்ற கட்டளையை டெர்மினலில் அடித்தால், பாதி வழியில் ‘இன்டர்னல் கம்பைலர் எரர்: செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று நின்றுவிடும். கடைக்குக் கொண்டுபோனால், “ஓஎஸ் கரப்ட் ஆயிருச்சு, ஃபார்மட் அடிச்சுரலாம்” என்பதுதான் பதில். காசு போவது ஒரு பக்கம். கோளாறு எங்கே என்று காட்டக்கூடிய தடயமும் அதோடு அழிந்துபோகிறது. ஃபார்மட் அடித்து வந்த கணினியில் அதே டிரைவர் அதே மாதிரி மறுபடி விழும். இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். கட்டளைகளை அச்சுக்காகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ள வேண்டும்.

மூல நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவமாக மாற்றுவது கம்பைலர். நிரலில் தப்பு இருந்தால் அது சொல்லும்: இந்தக் கோப்பு, இத்தனையாவது வரி, இந்தப் பெயர் எனக்குத் தெரியாது என்று. அப்படிச் சொன்னால் கம்பைலர் நன்றாக இருக்கிறது, நிரல்தான் சரியில்லை. ‘இன்டர்னல் கம்பைலர் எரர்’ அந்த வகையே அல்ல. நிரலை வாசித்துக்கொண்டிருந்த கம்பைலர் தானே தடுக்கி விழுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். எவ்வளவு அலங்கோலமான நிரலைக் கொடுத்தாலும் கம்பைலர் குறை சொல்லலாம், விழக் கூடாது. விழுந்தால் ஒன்று கம்பைலரிலேயே பிழை; இல்லையென்றால் ரேம் போதவில்லை; அதுவும் இல்லையென்றால் ரேம், பிராசஸர், மின்சாரம் இவற்றில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. டிரைவரை எழுதியவரைத் திட்டிப் பயனில்லை.

அதற்கு முன்னால், டிரைவரை நாமே கட்டத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பாதிப் பேருக்குத் தேவையே இருக்காது. ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்று தட்டினால் செருகியிருக்கும் சாதனங்களின் எண்கள் வரும். 0பிடிஏ என்று தொடங்கினால் அது ரியல்டெக் சிப். அதன் பின்பாதி 1ஏ2பி என்று இருந்தால் டாங்கிள் இன்னும் வைஃபையாக எழுந்திருக்கவே இல்லை. உள்ளே இருக்கும் விண்டோஸ் டிரைவர் வட்டாகத் தன்னைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கோப்பு மேலாளரில் அந்த வட்டை எஜெக்ட் செய்தால் பெரும்பாலும் வேறு எண்ணோடு வைஃபையாக மறுபடி எழும். எஜெக்ட் பலிக்காவிட்டால் ‘யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்’ என்ற நிரல் அதே வேலையைச் செய்யும். அடுத்தது கர்னல், அதாவது லினக்ஸின் கரு, எந்தப் பதிப்பு என்பது. பரவலாக விற்கும் 8821சியூ சிப்புக்கான டிரைவர் 2023இல் வந்த 6.2 கர்னலிலிருந்தே உள்ளே சேர்ந்துவிட்டது. உபுண்டு 22.04இன் முதல் கர்னலான 5.15இல் அது கிடையாது; அதே உபுண்டுவின் புதிய கர்னலுக்கு மாறினால் கம்பைலரைத் தொடவே வேண்டாம்.

நெட் இல்லாமல் புதிய கர்னலை எப்படி இறக்குவது என்று கேட்பார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜர் ஒயரால் கணினியோடு இணைத்து, அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும். அதற்கு வேண்டிய டிரைவர் வழக்கமான லினக்ஸ் எல்லாவற்றிலும் முன்பே இருக்கிறது. இதைத் தெரியாமல் பேண்ட்ரைவில் ஒவ்வொரு பொட்டலமாகச் சுமந்து, பதிப்பு பொருந்தாமல் அல்லாடுகிறவர்கள் அதிகம்.

விழுந்தது போலத் தோன்றி விழாத கேஸ்களும் உண்டு. உபுண்டு 22.04இல் கூடவே வரும் கம்பைலர் ஜிசிசி 11. அதன் புதிய கர்னல்கள், 6.5 முதல், ஜிசிசி 12ஆல் கட்டப்பட்டவை. அந்தக் கர்னலுக்கு ஜிசிசி 11ஐக் கொண்டு டிரைவர் கட்டினால், ‘எஃப்டிரிவியல் ஆட்டோ வார் இனிட்’ என்ற விருப்பம் தெரியாது என்று நின்றுவிடும். அது கிராஷ் இல்லை. ஜிசிசி 12ஐ நிறுவினால் தீர்ந்தது. ‘கர்னலைக் கட்டிய கம்பைலரும் இப்போதைய கம்பைலரும் வேறு’ என்று மேலே ஓர் எச்சரிக்கை வந்திருக்கும்; யாரும் அதைப் படிப்பதில்லை. இன்னொன்று, 2025இல் வந்த 6.15 கர்னலில் கம்பைலருக்கு விருப்பங்களைக் கொடுக்கும் ‘எக்ஸ்ட்ரா சிஃப்ளாக்ஸ்’ என்ற பழைய வழியை எடுத்துவிட்டார்கள். பழைய ரியல்டெக் மேக்ஃபைல்கள் (எப்படிக் கட்ட வேண்டும் என்று மேக்குக்குச் சொல்லும் கோப்புகள்) முழுக்க அதை நம்பியே எழுதப்பட்டவை. அதனால் ஹெடர் கோப்புகள் (நிரல் உள்ளே இழுத்துக்கொள்ளும் துணைக் கோப்புகள்) கண்ணெதிரே இருக்க, ‘அப்படியொரு கோப்பே இல்லை’ என்று சொல்லும். மேக்ஃபைலில் அந்தச் சொல்லை ‘சிசிஃப்ளாக்ஸ்-ஒய்’ என்று மாற்ற வேண்டும்.

இனி, உண்மையிலேயே விழுந்தது என்று வைத்துக்கொள்வோம்.

கடைசி வரியை நம்பாதீர்கள். மேக் ஒரே நேரத்தில் பல கோப்புகளைக் கட்டுவதால், ஒன்று விழுந்த பிறகும் மற்றவை பேசிக்கொண்டே இருக்கும். கடைசியில் வரும் ‘எரர் 1’, ‘எரர் 2’ எல்லாம் மேல்படிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிவதுதான். முதலில் விழுந்தது எது என்பது மேலே நூறு வரிக்கு முன்னால் கிடக்கும். அதற்காகவே மேக் என்பதன் பின்னால் 2>&1 என்று போட்டு, ஒரு செங்குத்துக் கோடு போட்டு, ‘டீ’ என்று எழுதி ஒரு கோப்புப் பெயரைக் கொடுங்கள். திரையில் வருவதெல்லாம் அந்தக் கோப்பிலும் விழும். கர்னல் மாறும்போது டிரைவரைத் தானே மறுபடி கட்டும் டிகேஎம்எஸ் வழியாகக் கட்டினால் அதுவே ‘மேக்.லாக்’ என்ற கோப்பை /வார்/லிப்/டிகேஎம்எஸ் அடைவுக்குள், டிரைவர் பெயரின் கீழ் எழுதிவைத்திருக்கும்.

பிறகு அதே கட்டுமானத்தை மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ‘மேக் கிளீன்’ செய்துவிட்டு, ‘மேக் -ஜே1 வி=1’ என்று ஓட்ட வேண்டும். ஜே1 என்றால் ஒரு நேரத்தில் ஒரே கோப்பு. பெரிய எழுத்து ‘வி’ போட்டால் கம்பைலருக்குக் கொடுக்கும் முழுக் கட்டளையும் திரையில் வரும். மூன்று முறையும் அதே கோப்பில் அதே வரியில் விழுந்தால் அநேகமாகக் கம்பைலரின் பிழை. ஒரு முறை ஒரு கோப்பு, மறுமுறை வேறு கோப்பு, மூன்றாம் முறை ஒழுங்காக முடிந்தது என்றால் கணினியின் உடம்பில் கோளாறு. நிரல் மாறவில்லை, கம்பைலர் மாறவில்லை, விடை மட்டும் மாறுகிறது என்றால் மாறுவது வன்பொருள்தான். இந்தச் சோதனையை ஜிசிசியே செய்யும். 2015இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து ‘-எஃப்ரிப்போர்ட்-பக்’ என்ற விருப்பம் உண்டு. விழுந்ததும் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துபார்த்து, ஒரே மாதிரி விழவில்லை என்றால் ‘இது மறுபடி வரவில்லை, வன்பொருளிலோ இயங்குதளத்திலோ கோளாறு இருக்கலாம்’ என்று தானே சொல்லிவிடும்.

கூடவே ‘டிமெசேஜ்’ என்னும் கர்னல் பதிவைப் பாருங்கள். கட்டளையின் எழுத்துகள் டி, எம், ஈ, எஸ், ஜி; இனி ‘டிமெஸ்க்’ என்று எழுதுகிறோம். முன்னால் நிர்வாகி அனுமதிக்கான சூடோ போட்டு, நேரம் தெரிய -டி சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த டி பெரிய எழுத்து. ‘அவுட் ஆஃப் மெமரி: கில்டு பிராசஸ்’ என்றும் பக்கத்தில் ‘சிசி1’ என்றும் இருந்தால் கம்பைலர் தானாக விழவில்லை, ரேம் தீர்ந்துபோய்க் கர்னலே அதைக் கொன்றுவிட்டது. சிசி1 என்பதுதான் ஜிசிசிக்குள் உண்மையில் வேலை செய்யும் ஆள். ‘சிசி1: செக்ஃபால்ட் அட்’ என்று இருந்தால் தவறான முகவரியைத் தொட்டு விழுந்திருக்கிறது. ‘எம்சிஇ: ஹார்டுவேர் எரர்’ என்று இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், பிராசஸரே புகார் கொடுத்திருக்கிறது. ‘ஐ/ஓ எரர்’ வரிசையாக வந்தால் டிஸ்க். சிக்னல் எண் தெரிந்தால் அதுவும் உதவும்: 9 என்றால் கொல்லப்பட்டது, 11 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட், 7 என்றால் பஸ் எரர், பெரும்பாலும் டிஸ்க்கைப் படிக்க முடியாமல் போனது, 4 என்றால் இந்தப் பிராசஸருக்குத் தெரியாத கட்டளை, அதாவது புதிய பிராசஸருக்காகக் கட்டிய கம்பைலரைப் பழைய பெட்டியில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

ரேம் தீர்ந்துபோவதற்கு வழக்கமான காரணம் ஒரு சின்ன எழுத்துப் பிழை. ‘மேக் -ஜே’ என்று எண் போடாமல் விட்டால், எத்தனை கோப்பு உண்டோ அத்தனையையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். 4 ஜிபி ரேம், பின்னால் பிரவுசரில் பத்து டேப் என்றால் தாங்காது. ரியல்டெக் தரும் டிரைவர்களில் ரேடியோ அளவுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கிய அட்டவணைக் கோப்புகள் உண்டு. அவை பல சேர்ந்தாற்போல் ஓடும்போதுதான் நெரிசல். ‘என்பிராக்’ என்று தட்டினால் எத்தனை கோர் என்று சொல்லும். 4 ஜிபி பெட்டியில் அதில் பாதியை ஜேக்குப் பின்னால் போடுங்கள், பிரவுசரை மூடுங்கள். அப்படியும் போதாவிட்டால் ரேம் தீரும்போது டிஸ்க்கில் இடம் தரும் ஸ்வாப் கோப்பு ஒன்று, 4 ஜிபிக்கு: ‘ஃபாலோகேட் -எல் 4ஜி /ஸ்வாப்ஃபைல்’, அனுமதியை 600க்கு மாற்றுவது, ‘எம்கேஸ்வாப்’, ‘ஸ்வாப்ஆன்’. நான்கு கட்டளை, ஐந்து நிமிடம். சில லினக்ஸ்களில் /டெம்ப் அடைவு ரேமிலேயே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மூல நிரலை அங்கே பிரித்துக் கட்டினால், அதுவும் ரேமைத்தான் தின்னும்.

இடம் மாறி மாறி விழுகிற கேஸ்தான் எங்கள் பக்கத்தில் அதிகம் என்று அடித்துச் சொல்லலாம். அதற்குக் காரணம் ஊரின் வாகு. மார்ச், ஏப்ரலில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடும். மார்கழி, தையில் கணவாய் வழியே வீசும் கிழக்குக் காற்று வறண்ட புழுதியைக் கொண்டுவந்து ஹீட்சிங்க் இடுக்கில் அடைக்கும். பத்து வருடப் பழைய பெட்டியில் பிராசஸர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். படம் பார்க்கும்போது, லெட்டர் அடிக்கும்போது ஒன்றும் தெரியாது. கம்பைல் செய்யும்போதுதான் எல்லாக் கோரும் ஒரே நேரத்தில் நூறு சதவீதம் ஓடும்.

ரேமில் ஒரு பிட் மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஓடும் படத்தில் ஒரு புள்ளியின் நிறம் மாறும், கண்ணுக்குத் தெரியாது. கம்பைலரோ தான் படித்த நிரலை மரம்போலக் கட்டி, கிளைக்குக் கிளை முகவரிகளால் கோர்த்து ரேமில் வைத்திருக்கும். அந்த முகவரி ஒன்றில் ஒரு பிட் மாறினால் இல்லாத ஊருக்குப் போய் நிற்கும். கர்னல் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். அதுதான் செக்மென்டேஷன் ஃபால்ட். 1990களிலேயே லினக்ஸ் கர்னலைக் கட்டும்போது சிக்னல் 11 வந்தால் முதலில் ரேமைப் பார் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம்.

ரேமைச் சோதிக்க ‘மெம்டெஸ்ட்86+’ என்ற இலவச நிரல் இருக்கிறது. பேண்ட்ரைவில் எழுதி அதிலிருந்தே பூட் செய்ய வேண்டும். 2022இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த முறை) கணினிகளிலும் ஓடும். இரவு முழுக்க ஓட விடுங்கள். பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு ‘ரேம் ஓகே’ என்பது சோதனையே அல்ல. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். வந்தால் பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ரேம் பட்டையை எடுத்து, தங்க நிறத் தொடுமுனையைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, அழுத்திச் செருகி மறுபடி ஓட்டுங்கள். பாதி கேஸ் இதிலேயே தீரும். தீராவிட்டால் இரண்டு பட்டையில் ஒன்றை மட்டும் வைத்து, இடம் மாற்றி வைத்து, பட்டையா சாக்கெட்டா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய பெட்டிகளில் இன்னொரு தொல்லை, ஜோடி சேராத பட்டைகள். டிடிஆர்3 என்பது 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட்டிலும் ஓடக்கூடியது. 1.35 வோல்ட் மட்டுமே தரும் போர்டில் 1.5 வோல்ட் பட்டையைக் கலந்து போட்டால் பூட் ஆனாலும் ஆகும், சுமை ஏறும்போது தடுமாறும்.

ரேம் சுத்தமாக இருந்து, ஜே1 ஒழுங்காக முடிந்து, ஜே8 மட்டும் விழுகிறது, டிமெஸ்க்கில் ரேம் தீர்ந்ததாகவும் இல்லை என்றால் சூட்டையும், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பாருங்கள். மல்டிமீட்டரை எடுத்து, கம்பைல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் ஒயரில் அளக்க வேண்டும்; சும்மா இருக்கும்போது அளந்து பலனில்லை. 12 வோல்ட் 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது, 12.6க்கு மேலே போகக் கூடாது. சிவப்பில் 5 வோல்ட், 4.75 முதல் 5.25 வரை. ஆரஞ்சில் 3.3 வோல்ட், 3.14 முதல் 3.47 வரை. போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும் கணினி என்றால் அதன் பின்பக்கப் பொத்தானை யூபிஎஸ் நிலையில் வையுங்கள். மற்ற நிலையில் மின்சாரம் மாறும் இடைவெளி ஃபேனுக்குப் போதும், கணினிக்குப் போதாது. கட்டும்போது கரண்ட் போயிருந்தால் கம்பைலர் ஒவ்வொரு கோப்புக்கும் கட்டித் தரும் .ஓ கோப்புகள் பூஜ்யம் பைட்டில் கிடக்கும். அடுத்த மேக் அவற்றை முடிந்தவை என்று எண்ணித் தாண்டிவிட்டு, இணைக்கும்போது ‘ஃபைல் ட்ரங்கேட்டட்’ என்று அலறும். அதையும் கம்பைலர் கோளாறு என்பார்கள். ‘மேக் கிளீன்’ போதும். ‘கிளாக் ஸ்க்யூ’ என்று எச்சரித்தால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்து, கடிகாரம் பின்னால் போயிருக்கிறது.

பிராசஸரே குற்றவாளியாக இருந்த வரலாறும் உண்டு. 2017இல் ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் வந்த புதிதில், லினக்ஸில் பல கோப்புகளைச் சேர்ந்தாற்போல் கம்பைல் செய்தால் மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தது. ஏஎம்டி அதை ஒப்புக்கொண்டு பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிராசஸரை மாற்றிக் கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் டெபியன் என்ற லினக்ஸின் குழு ஓர் எச்சரிக்கை விட்டது: இன்டெலின் 6, 7ஆம் தலைமுறைப் பிராசஸர்களில் ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி) இயங்கும்போது சில வகை நிரல்கள் காரணமின்றி விழும். அதைக் கண்டுபிடித்தவர்கள் ஓகேமல் என்ற நிரல் மொழியின் கம்பைலர் ஏன் விழுகிறது என்று துருவிக்கொண்டிருந்தவர்கள். இது பழங்கதை இல்லை. இன்று கோவையிலிருந்து நம் ஊருக்கு வரும் ஆபீஸ் பெட்டிகளில் கணிசமானவை இதே 6, 7ஆம் தலைமுறைதான். பயாஸைப் புதுப்பிக்காத பெட்டியில் பிராசஸருக்குள் திருத்தம் ஏற்றும் ‘இன்டெல்-மைக்ரோகோட்’ என்ற பொட்டலத்தை நிறுவி ரீஸ்டார்ட் செய்வது முதல் வேலையாக இருக்கட்டும். 2024இல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கும் இன்டெல் இதேபோல மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது. ஏற்கெனவே கெட்டுப்போனதை அந்தத் திருத்தம் மீட்காது. வாரண்டியில்தான் மாற்ற வேண்டும்.

மூன்று முறையும் அதே வரியில் விழுந்தால் கம்பைலரின் பிழை என்றோம். கம்பைலரிலா என்று வியக்க வேண்டாம். யூட்டா பல்கலைக்கழகத்தில் தன்போக்கில் சி நிரல்களை உருவாக்கி விதவிதமான கம்பைலர்களுக்கு ஊட்டிப் பார்த்தவர்கள், 2011க்குள் 325க்கு மேற்பட்ட பிழைகளைக் கண்டு சொன்னார்கள். நெட்வொர்க் டிரைவரில் அது தலைகாட்ட இடமும் அதிகம்: பைட்டுகளைத் திருப்பிப் போடுவது, பிட்பிட்டாகப் பிரித்த கட்டமைப்புகள், நடுவில் நுழைத்த அசெம்பிளி வரிகள். புதிய ஜிசிசி எந்தக் கட்டத்தில் விழுந்தது என்றே சொல்லும், ‘ஜிம்பிள் பாஸ்’ அல்லது ‘ஆர்டிஎல் பாஸ்’ என்று ஒரு வரி வரும். அந்த வரி தங்கம், பத்திரப்படுத்துங்கள்.

உடனே நெட் வேண்டும் என்றால், முதலில் அதே ஜிசிசியின் அடுத்த திருத்தப் பதிப்பு வந்திருக்கிறதா என்று புதுப்பித்துப் பாருங்கள். இல்லையென்றால் விழுகிற அந்த ஒரு கோப்புக்கு மட்டும் ஆப்டிமைசேஷனை, அதாவது வேகத்துக்காகக் கம்பைலர் செய்யும் மெருகேற்றத்தை, குறைக்கலாம். டிரைவரின் மேக்ஃபைலில் ‘சிஃப்ளாக்ஸ்_’ என்று எழுதி, ஒட்டினாற்போல் அந்த .ஓ கோப்பின் பெயர், பிறகு := போட்டு -ஓ1 என்று ஒரு வரி. சிஃப்ளாக்ஸும் அந்த ஓவும் பெரிய எழுத்து. பூஜ்யத்துக்குக் குறைக்காதீர்கள். லினக்ஸ் கர்னல் -ஓ0இல் கட்டப்படுவதற்காக எழுதப்படவில்லை. வேறு புதுப் பிழைகள் கிளம்பும்.

பிழையைப் புகாரளிக்கக் கர்னல் மூட்டை முழுவதையும் அனுப்பத் தேவையில்லை. வி=1 போட்டபோது வந்த நீண்ட கட்டளையை நகலெடுத்து, கடைசியில் ‘-சேவ்-டெம்ப்ஸ்’ சேர்த்து ஓட்டினால் .ஐ என்று முடியும் கோப்பு கிடைக்கும். எல்லா ஹெடரையும் உள்ளே விரித்துப் போட்ட ஒற்றைக் கோப்பு அது, பல்லாயிரம் வரி வரும். கர்னல் அடைவுக்குள்ளேயே இருக்கும் டிரைவர் என்றால், .ஓ என்பதற்குப் பதில் .ஐ என்று மேக்கிடம் கேட்டாலே தந்துவிடும். ‘சி-வைஸ்’ என்ற கருவி அந்தப் பல்லாயிரத்தை வெட்டி வெட்டி, பிழை மட்டும் மிச்சமிருக்கும் இருபது, முப்பது வரியாகச் சுருக்கும். அதற்கு நாம் தர வேண்டியது, விழுந்த செய்தி வந்தால் 0 என்று சொல்லும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். ஜிசிசிக்காரர்கள் கேட்பது நான்கே விஷயம்: ‘ஜிசிசி -வி’ சொல்லும் பதிப்பு, முழுக் கட்டளை, வந்த செய்தி முழுதும், அந்த .ஐ கோப்பு. அனுப்புமுன் .ஐ கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் அடைவுப் பெயர்கள், அதோடு உங்கள் பெயரும், அதில் வரிசையாக இருக்கும். லினக்ஸுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் போட்டவர்களுக்கு இன்னும் சுலபம். 2014இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் அதில் கிளாங்தான் கம்பைலர். அது விழும்போதே விரித்த கோப்பையும் மறுபடி ஓட்டும் ஸ்கிரிப்டையும் /டெம்ப்பில் எழுதிவைத்து இடத்தையும் சொல்லும். ரீஸ்டார்ட் செய்யுமுன் அவற்றை வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்லூரி மாணவர்கள் செய்யும் ஒரு காரியத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விழுந்தால் மேல்அம்பை அழுத்தி மறுபடி மேக், விழுந்தால் மறுபடி மேக். மேக் விட்ட இடத்திலிருந்து தொடர்வதால் எட்டாவது முறை முடிந்துவிடும், நெட்டும் வந்துவிடும். ஆனால் ஏழு முறை முகவரியை மாற்றிய ரேம், எட்டாவது முறை விழாமல் ஒரு எண்ணை மட்டும் மாற்றியிருந்தால்? அது .ஓ கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நெட்வொர்க் டிரைவர் கர்னலுக்குள் ஓடுவது. கார்டு நேராக ரேமில் எழுத இடம் காட்டுவது. அதில் ஒரு முகவரி தப்பினால் வேறு எதன் மேலோ எழுதும். 2014இல் ஜிசிசி 4.9.0, கர்னலின் ஒரு பகுதியைச் சத்தமில்லாமல் தப்பாகக் கட்டிவைத்து, கர்னல்காரர்கள் அதைத் தேடி அலைந்தார்கள். சத்தம் போட்டு விழுகிற கம்பைலர் அதைவிட எவ்வளவோ மேல். இடம் மாறி விழுந்த கணினியில் ஒப்பேற்றிக் கட்டிய டிரைவர் எதுவானாலும், ரேமைச் சரிசெய்த பிறகு ‘மேக் கிளீன்’ செய்து முதலிலிருந்து கட்ட வேண்டும். முன்பு கட்டியவற்றைச் சேமித்து வைக்கும் சிகேஷ் வைத்திருந்தால் அதையும் காலி செய்ய வேண்டும், கெட்ட .ஓ கோப்பை அது பத்திரமாக எடுத்துத் தரும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிறவர் கணினியில் பூட் ஆகிறது, டெர்மினல் திறக்கிறது என்றால், ஃபார்மட்டுக்கு முன்னால் டிமெஸ்க்கையும் மேக் பதிவையும் ஒரு பேண்ட்ரைவில் எடுத்து வையுங்கள். இரவில் கடை சாத்தும்போது மெம்டெஸ்டை ஓடவிட்டுப் போங்கள், காலையில் விடை திரையில் இருக்கும். கொண்டுபோகிறவர்கள், விழுந்த முதல் வரி, கோப்பின் பெயர், மூன்று முறையில் எத்தனை முறை அதே இடம், ஜே1இல் விழுந்ததா ஜே8இலா என்ற நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிக் கொடுங்கள். ‘நெட் வரல’ என்று மட்டும் எழுதினால் ஃபார்மட்தான் நடக்கும்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்ப்போர் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டம்,
பாலக்காடு மாவட்டம்.